செஞ்சியைச் சொல்லும் ச்லோகமும் நூலமைப்பை ஒழுங்குபடுத்தும் மென்பொருளும்

செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே, சிங்கவரத்தில், குன்றைக் குடைந்தமைத்த பல்லவர் காலக் கோயிலில் அரங்கநாதன் பள்ளிகொண்டருளுகிறான். ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்துக்கு இத்தலம் மற்றொரு காரணத்தாலும் நினைவுக்குரியது. கி.பி. 1323இல் டில்லிப் படை திருவரங்கத்தின்மேல் வந்தபோது பிள்ளை லோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே சென்றார்; ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அதன்பின் நம்பெருமாள் பல தலங்களைக் கடந்து திருமலையை அடைந்தார். விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் அதிகாரியாகச் செஞ்சியிலிருந்த கோபணார்யர், அவரைத் திருமலையிலிருந்து செஞ்சிக்கு எழுந்தருளச் செய்து, சிலகாலம் ஆராதித்து, பின்பு திருவரங்கத்தில் மீண்டும் ப்ரதிஷ்டை செய்தார். செஞ்சியில் அவர் எழுந்தருளியிருந்த இடம் சிங்கவரம் என்பது ஸம்ப்ரதாயக் கொள்கை.

இவ்வரலாற்றைத் திருவரங்கக் கோயிற்சுவரில் பொறித்த இரண்டு வடமொழி ச்லோகங்கள் சொல்லுகின்றன. அவற்றை ஹூல்ஷ் என்னும் கல்வெட்டறிஞர் எபிக்ராஃபியா இண்டிகாவின் ஆறாம் தொகுதியில் பதிப்பித்தார். குருபரம்பரை நூல்களிலும் கோயிலொழுகிலும் இந்நிகழ்ச்சி இடம்பெறுகிறது. ஆகவே ஒரே செய்தி கல்லிலும் ஏட்டிலும் அச்சிலும் வெவ்வேறு சட்டகங்களுக்குள் நின்று வந்திருக்கிறது. இப்பொழுது அது கணினிச் சட்டகத்துக்குள்ளும் புகும் காலம் வந்துவிட்டது. நூல்களின் அமைப்பைத் தானே பிரித்தறிந்து ஒரே சீராக ஆக்கித்தரும் மென்பொருள்கள் இன்று ஆராய்ச்சியுலகில் வழங்குகின்றன. அவற்றால் வ்யாக்யான நூல்களுக்கு விளையும் நன்மை யாது, இழப்பு யாது என்பதை இந்த இரண்டு ச்லோகங்களை வைத்தே அளந்து பார்க்கலாம்.

ஸம்ப்ரதாயம் வகுத்துக்கொண்ட அமைப்பு

நூலமைப்பைச் சீர்படுத்தும் எண்ணம் கணினியோடு பிறந்ததன்று. திருவாய்மொழியின் ஐந்து வ்யாக்யானங்களும் ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்து நாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று அளவினாலேயே பெயர் பெற்றன. முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு க்ரந்தம் என்பது அக்கணக்கு. ஆறாயிரம் ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் அளவு, ஒன்பதினாயிரம் ஸ்ரீபாஷ்யத்தின் அளவு, இருபத்து நாலாயிரம் ஸ்ரீராமாயணத்தின் அளவு, முப்பத்தாறாயிரம் ச்ருதப்ரகாசிகையின் அளவு என்று பெரியோர் பணித்தனர். பெயரே அளவாக நிற்பதால், ஏட்டில் ஒரு பகுதி குறைந்தாலும் கூடினாலும் ஐயம் எழ இடமுண்டு.

உள்ளமைப்பும் அவ்வாறே வரையறுக்கப்பட்டது. நூலுக்கு முன் தனியன், பின்பு ப்ரபந்த அவதாரிகை, திருவாய்மொழிக்கு அவதாரிகை, பாசுரத்துக்கு அவதாரிகை, பாசுரம், பாசுரத் தொடரின் தலைச்சொல்லை எடுத்துக்காட்டும் ப்ரதீகம், அதன் கீழ் வ்யாக்யானம், வ்யாக்யானத்துக்குள் ப்ரமாண வசனங்கள், அதன்மேல் அரும்பதவுரை. ஈட்டின் தொடக்கத்தில் மூன்று ச்ரிய:பதி அவதாரிகைகள் நிற்பதும், ஒவ்வொன்றும் வேறொரு முகத்தால் நூலுக்கு வாயில் திறப்பதும் கற்றவர் அறிந்தது.

நம்பெருமாள் திருவரங்கம் மீண்ட காலத்தை ஒட்டி, 1370இல் அவதரித்தருளிய மணவாள மாமுனிகள் இவ்வமைப்பைக் காப்பதில் இரண்டு அரிய காரியங்களைச் செய்தருளினார். ஈட்டில் எடுத்தாளப்பட்ட ப்ரமாணங்களைத் தேடித் தொகுத்து ப்ரமாணத்திரட்டு அருளினார். ஆசார்யனுடைய வாக்கு எது, அவர் காட்டும் மேற்கோள் எது என்னும் எல்லை அதனால் தெளிவாயிற்று. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் கரையானால் அழிந்த பகுதிக்கு மட்டும் தாம் வ்யாக்யானம் அருளி, எஞ்சி நின்ற இடத்தில் தம் உரையை நிறுத்திக்கொண்டார். முழுவதும் தாமே எழுதும் ஆற்றலிருந்தும், முன்னோர் வாக்கு கிடைத்த இடத்தில் தம் வாக்கை வைக்கவில்லை. இரண்டு ஆசார்யர்களின் வாக்குக்கு நடுவேயுள்ள எல்லை, நூலின் அமைப்பிலேயே காக்கப்பட்டது.

சுவடியைக் காப்பதும் கைங்கர்யமாகவே கருதப்பட்டது. நம்பெருமாள் திருவரங்கத்தை விட்டு எழுந்தருளிய அதே கலகத்தில், ஸுதர்சன பட்டருடைய குமாரர் இருவரையும் ச்ருதப்ரகாசிகைச் சுவடியையும் ஸ்வாமி தேசிகன் காத்து ஸத்யாகாலம் சேர்த்தார் என்று குருபரம்பரை கூறும்.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

இவ்வளவு நுண்ணிய அமைப்பு ஏட்டில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பனையோலையில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. பாசுரமும் உரையும் ஒரே வரியில் தொடரும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் கொம்பில் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவாக நிற்கும். வடசொற்களுக்குக் க்ரந்த எழுத்தும் தமிழ்ச்சொற்களுக்குத் தமிழெழுத்தும் கலந்து வரும். அமைப்பு ஓலையில் இல்லை. காலக்ஷேபம் கேட்டவன் நெஞ்சில் இருந்தது. ஓலையை வாசிப்பவன் ஆசார்யமுகமாகக் கேட்டிருந்தமையால், ப்ரதீகம் எங்கே முடிகிறது, ப்ரமாணம் எங்கே தொடங்குகிறது என்பதைத் தானே பிரித்துக்கொண்டான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மணிப்ரவாள வ்யாக்யானங்கள் தெலுங்கெழுத்திலும் க்ரந்தத்திலும் அச்சேறின. 1920களில் சே. கிருஷ்ணமாசாரியார் பதிப்பித்த பகவத்விஷயம் பல வ்யாக்யானங்களைப் பாசுரந்தோறும் ஒருங்கே வைத்தது. நெஞ்சிலிருந்த அமைப்பு காகிதத்தில் இறங்கியது இவ்வகைப் பதிப்புகளில்தான். ஆனால் அதைக் காகிதத்தில் இறக்கியவர்கள் காலக்ஷேப அதிகாரிகள். எழுத்தின் பருமனும், பத்தியின் பிரிவும், அடிக்குறிப்பின் இடமும் ஸம்ப்ரதாயம் அறிந்த கையால் முடிவாயின.

கணினி கொண்டுவந்த சட்டகங்கள்

மேலைநாட்டில் கணினி நூற்பதிப்புக்குள் வந்தது இரண்டு வழிகளில். ஒன்று, அச்சின் அழகு கருதியது. டானல்ட் குனூத் 1978இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள், எழுதுபவன் அமைப்பைச் சொன்னால் பக்கத்தைத் தானே கட்டித்தரும். அதன்மேல் ஜான் லவக்னினோவும் வடமொழி ஆராய்ச்சியாளர் டொமினிக் வுயாஸ்டிக்கும் எட்மாக் என்னும் கருவியை அமைத்தனர். மூலத்துக்கு வரியெண் இடுவதையும், பாடபேதங்களைப் பல அடுக்கு அடிக்குறிப்புகளாகப் பிரித்து வைப்பதையும் அது தானே செய்தது.

மற்றொன்று, நூலின் உட்பொருளமைப்பைக் கருதியது. 1987 நவம்பரில் அமெரிக்காவின் வாஸர் கல்லூரியில் கூடிய அறிஞர்கள், நூல்களைக் கணினியில் குறியிடுவதற்குப் பொதுநெறி வேண்டும் என்று தீர்மானித்தனர். டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேடிவ், சுருக்கமாக டி.இ.ஐ., என்னும் அந்நெறியின் முழுமையான விதித்தொகுப்பு 1994இல் வெளிவந்தது. இன்று வழங்கும் ஐந்தாம் பதிப்பு 2007இல் வந்தது. செய்யுள் எது, உரைநடை எது, மேற்கோள் எது, ஏற்ற பாடம் எது, வேறு பாடம் எது, எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அதில் குறி உண்டு. ஸாரித் என்னும் திட்டம் வடமொழி நூல்கள் பலவற்றை இந்நெறியில் அமைத்துள்ளது.

இவ்விரண்டிலும் அமைப்பைச் சொல்லுபவன் மனிதன். அடுத்துவந்தவை அமைப்பைத் தாமே ஊகிப்பவை. ஆராய்ச்சி இதழ்களின் கட்டுரைகள் ஒவ்வோர் இதழிலும் ஒவ்வொரு வகையாக அமைந்திருந்தமையால், அவற்றை ஒரே சீராக்கும் தேவை எழுந்தது. 2012இல் ஜாட்ஸ் என்னும் குறியீட்டு முறை இதழ்க் கட்டுரைகளுக்கு அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டது. 2008இல் தொடங்கிய க்ரோபிட் என்னும் மென்பொருள், அச்சுப் பக்கத்தை வாங்கிக்கொண்டு தலைப்பு, ஆசிரியர், சுருக்கம், பிரிவு, அடிக்குறிப்பு, துணைநூல் என்று தானே பகுத்து டி.இ.ஐ. வடிவில் தருகிறது. முன்பே பகுத்துக் காட்டிய மாதிரிகளிலிருந்து அது கற்றுக்கொள்கிறது. எந்த மாதிரியைக் காட்டினார்களோ அந்த மாதிரியையே எங்கும் தேடும்.

இங்கேதான் வ்யாக்யான நூலுக்கு இடர் தோன்றுகிறது. இதழ்க் கட்டுரையின் சட்டகத்தில் ஆசிரியர் என்பது கட்டுரையைப் படைத்தவரைக் குறிக்கும் ஓரிடம். ஈட்டுக்கு அவ்விடத்தில் யார் பெயரை இடுவது? அருளிச்செய்தவர் நம்பிள்ளை, கேட்டு ஏடுபடுத்தினவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. இருவரையும் இணையாசிரியர் என்றால் ஸம்ப்ரதாயம் சிதையும். ஒருவரை விட்டால் வரலாறு சிதையும். பெரியாழ்வார் திருமொழி வ்யாக்யானத்துக்கு ஒரே பெயரை இட்டால், மாமுனிகள் காத்த எல்லை ஒரு கட்டளையில் அழிந்துவிடும். தனியன் முன்னுரையாகிவிடும்; அவதாரிகை சுருக்கமாகிவிடும்; ப்ரதீகம் உபதலைப்பாகிவிடும். தவறு ஒன்றும் நேர்ந்ததாகவே தோன்றாது என்பதுதான் இதில் பெரிய தீங்கு. பக்கம் அழகாகவே நிற்கும்.

ச்லோகத்தை வைத்துச் சோதித்தல்

கோபணார்யரின் கல்வெட்டில் இவ்விடரை இன்னும் தெளிவாகக் காணலாம்.

முதலாவது, ஆண்டு. கல்வெட்டின் தொடக்கத்தில், ச்லோகத்தின் யாப்புக்கு வெளியே, சகாப்தத்தைக் குறிக்கும் இடத்தில் 'பந்துப்ரிய' என்னும் சொல் நிற்கிறது. உறவினர்க்கு இனியது என்று பொருள்படும் சாதாரணச் சொல் போலத் தோன்றினும், கடபயாதி முறையில் அது ஓர் எண். பகரத்துக்கு 3, தகர வர்க்கத்தின் நான்காம் எழுத்துக்கு 9, ரகரத்துக்கு 2, யகரத்துக்கு 1. எண்களை வலமிருந்து இடமாக வாசிக்க, சகம் 1293, அதாவது கி.பி. 1371-72 என்று கிடைக்கும். செய்யுளை மட்டும் பிரித்தெடுக்கும் மென்பொருள், யாப்புக்குள் அடங்காத இத்தொடரைத் தள்ளிவிட இடமுண்டு. தள்ளாது வைத்துக்கொண்டாலும், இலக்கத்தைத் தேடும் கருவிக்கு இது ஆண்டென்று தெரியாது.

இரண்டாவது, ஆண்டின் முரண். கோயிலொழுகு இந்த ப்ரதிஷ்டையைப் பரிதாபி வருஷம் வைகாசி 17ஆம் நாளில் வைக்கிறது. அறுபதாண்டுச் சுழற்சியில் பரிதாபி கி.பி. 1372-73இல் வருகிறது, கல்லின் சகாப்தமோ விரோதிக்ருதுவோடு பொருந்துகிறது. ஓராண்டு வேறுபாடு. சகாப்தம் நடப்பாண்டாக எண்ணப்பட்டதா, கழிந்த ஆண்டாக எண்ணப்பட்டதா என்று எண்ணிப் பார்த்தாலும், நடப்பாண்டுக் கணக்கில் இடைவெளி இன்னும் கூடுமேயன்றிக் குறையாது. இது ஆராய்ச்சியாளர் எதிர்கொள்ள வேண்டிய வினா. காலக்குறிப்புகளையெல்லாம் 1371 என்று ஒரே இலக்கமாக்கும் கருவி, வினாவைத் தீர்ப்பதில்லை. அப்படியொரு வினா இருந்ததையே மறைக்கிறது.

மூன்றாவது, இயற்றியவர். இச்ச்லோகங்கள் ஸ்வாமி தேசிகன் அருளியவை என்பது ஸம்ப்ரதாயத்தில் வழங்கும் செய்தி. கல்லில் இயற்றியவர் பெயர் இல்லை. கல்லின் வாசகத்தையும் குருபரம்பரையின் வாசகத்தையும் ஒரே பதிவாக இணைத்து, ஆசிரியர் இடத்தில் தேசிகன் பெயரை இட்டால், நாளை அதைக் காண்பவர் கல்வெட்டே அவ்வாறு சொல்லுவதாகக் கொள்வர். ஸம்ப்ரதாயச் செய்திக்கு அது பெருமை சேர்க்காது. ஒருநாள் கல்லைப் பார்த்தவர் வந்து பெயர் இல்லையென்றால், செய்தி முழுவதுமே ஐயத்துக்குள்ளாகும்.

நான்காவது, எழுத்து. பகைவரைக் குறிக்குமிடத்தில் வடமொழி அகராதி காட்டும் வடிவம் 'துருஷ்க' என்பது. கல்லில் ரகரத்தின் இடத்தில் லகரம் நிற்கிறது. தமிழ்நாட்டு வழக்கான துலுக்கர் என்பதோடு அது நெருங்குகிறது. எழுத்தைச் சீர்படுத்தும் கருவி அதைப் பிழையென்று திருத்தினால், தென்னாட்டு ஒலிவழக்கின் தடயம் ஒன்று போய்விடும்.

ஐந்தாவது, செஞ்சி. இக்கல்வெட்டில் அந்நகரின் பெயர் முதல் ச்லோகத்தில் ஒரே முறை, வேற்றுமை ஏற்று, முன்பின் சொற்களோடு தொடர்ந்து வருகிறது. இரண்டாம் ச்லோகத்தில், கோபணார்யர் பெருமாளைத் தம் ராஜதானிக்கு எழுந்தருளச் செய்தார் என்று மட்டுமே உள்ளது; ஊர்ப்பெயர் இல்லை. இரண்டையும் சேர்த்து வாசிப்பவனுக்கு அந்த ராஜதானி செஞ்சி என்பது உடனே விளங்கும். ச்லோகத்துக்கு ஒரு பதிவு என்று பிரித்து வைக்கும் சட்டகத்தில் இரண்டாம் ச்லோகம் ஊரை இழந்து நிற்கும். செஞ்சி என்று தேடுபவனுக்கு அது அகப்படாது. முகலாயர் நுஸ்ரத்கட் என்றும், ஆங்கிலேயர் ஜிஞ்ஜி என்றும் எழுதிய ஊர் இது. பெயர்களை இணைக்கும் பொதுத் தலைப்பு அட்டவணைக்கு அவசியமே. ஆனால் அது மூலத்தின் பக்கத்தில் நிற்கவேண்டும். மூலத்தின் இடத்தில் நிற்கலாகாது.

சல்லடையும் மூலமும்

இவ்விடர்களைக் கண்டு கணினியையே விலக்குவது பேதைமை. ஓலைகள் நாள்தோறும் பொடிகின்றன. செஞ்சிக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் பாதுகாக்கப்படும் சைவச் சுவடிகள் சுமார் 11,000. அவை 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. பிற நூலகங்களிலும் மடங்களிலும் திருமாளிகைகளிலுமுள்ள வைஷ்ணவச் சுவடிகளையும் சேர்த்தெண்ணினால், கையால் மட்டும் ஒப்புநோக்கிப் பதிப்பிக்க ஆளும் ஆயுளும் போதா. க்ரந்த எழுத்துக்கும் 2014இல் யூனிகோடில் தனியிடம் கிடைத்துவிட்டது. மணிப்ரவாளத்தை அதன் இரட்டை எழுத்தோடு கணினியில் வைப்பதற்கு இருந்த பெருந்தடை ஒன்று அதனால் நீங்கிற்று.

சீர்படுத்துவதும் காப்பதும் ஒன்றோடொன்று முரண்பட வேண்டியதில்லை என்பதற்கு இத்துறையிலேயே சான்று உண்டு. சார்ல்ஸ் லீ என்பவர் வடமொழிச் சுவடிகளுக்காக அமைத்த 'ஸக்துமிவ' என்னும் மென்பொருள், மாவைச் சலிப்பதை உவமையாகச் சொல்லும் வேதவாக்கிலிருந்து பெயர் பெற்றது. அதில் ஒவ்வொரு சுவடியும் உள்ளது உள்ளபடி, எழுத்துப்பிழையோடும் ஒற்று மிகுதியோடும் பெயர்த்து எழுதப்படுகிறது. ரகரத்துக்குப்பின் இரட்டித்த ஒற்று, அனுஸ்வாரமும் மெல்லினமும் மாறிவருதல் போன்ற எழுத்துவேறுபாடுகளைச் சுவடிகளை ஒப்பிடும்போது மட்டும் வடிகட்டி ஒதுக்குகிறது. எந்த வடிகட்டி வேண்டும், எது வேண்டா என்பதை வாசகனே தெரிந்துகொள்ளலாம். சலித்தபின்னும் மூலம் குறையாமல் இருக்கிறது. தமிழ்ச் சுவடிகளின் முன்னும் பின்னும் வரும் தனிச்செய்யுள், பாயிரம், எழுதினவர் குறிப்பு ஆகியவற்றையே பொருளாகக் கொண்டு பாரிஸிலும் ஹாம்பர்க்கிலும் உள்ள ஏடுகளை ஆராயும் திட்டமும் நடைபெற்றுள்ளது. நூலைச் சூழ்ந்து நிற்பவை ஒதுக்கத்தக்கவை அல்ல என்பதை அது ஏற்றுக்கொண்டு தொடங்குகிறது. தனியனின் இடத்தை அறிந்த ஸம்ப்ரதாயத்துக்கு இது புதிய செய்தியன்று.

ஆகவே வேண்டுவது மூன்று அடுக்கு. முதலில் ஓலையின் அல்லது கல்லின் நிழற்படம். அதன்மேல் எழுத்துக்கு எழுத்து பெயர்த்த வாசகம். அதற்கும் மேல், பிரிக்கவும் நீக்கவும் கூடிய தனி அடுக்காக, சீர்படுத்திய அமைப்பு. அந்த மூன்றாம் அடுக்கில் இடப்படும் பெயர்கள் சுருக்கம், பிரிவு, துணைநூல் என்று இருத்தலாகாது. தனியன், அவதாரிகை, ப்ரதீகம், வ்யாக்யானம், ப்ரமாணம், அரும்பதம் என்று ஆசார்யர்கள் இட்ட பெயர்களாகவே இருத்தல் வேண்டும். அருளிச்செய்தவர், ஏடுபடுத்தினவர், குறைநிரப்பினவர், இன்னார் அருளியதாகச் சொல்லப்படுவது என்பவற்றுக்குத் தனித்தனி இடம் வேண்டும். டி.இ.ஐ. நெறி இதற்கு இடங்கொடுக்கிறது. பொறுப்புகளைப் பிரித்துக் காட்டவும், ஐயத்தை ஐயமென்றே குறிக்கவும் அதில் வழி உண்டு. குறைவு கருவியில் இல்லை. கருவிக்குக் கற்றுக்கொடுக்கும் மாதிரிகளைப் பகுத்துத் தரும் இடத்தில் காலக்ஷேப அதிகாரிகள் இன்னும் அமரவில்லை என்பதே குறைவு. ஓலை அச்சேறிய காலத்தில் அந்த இடத்தில் அவர்கள் அமர்ந்திருந்தார்கள்.

ஒரு பாசுரத்துக்குரிய ஈட்டைச் சில பக்கம் எடுத்துக்கொண்டு, ப்ரதீகம் இது, ப்ரமாணம் இது என்று குறியிட்டுத் தருவது ஓர் அதிகாரிக்கு ஒரு மாலைப் பொழுதின் வேலை. அவ்வாறு சில நூறு பக்கங்கள் சேர்ந்தால், கருவி அதிலிருந்து கற்கும். அதன் பிழைகளை மீண்டும் அவர்களே திருத்தலாம். மேற்கோளையும் வாக்கையும் பிரித்துக் காட்டிய ப்ரமாணத்திரட்டு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த வேலைக்கு வழிகாட்டியாக நிற்கிறது.

கோபணார்யர் நம்பெருமாளைச் செஞ்சியிலேயே நிலையாக எழுந்தருளப்பண்ணிக்கொள்ள வல்லமை பெற்றிருந்தார். கோட்டையும் படையும் அவருடையவை. ஆயினும் சிலகாலம் ஆராதித்துவிட்டு, உரிய இடமான திருவரங்கத்திலேயே சேர்ப்பித்தார் என்று கல்வெட்டு அவரைப் புகழ்கிறது. முன்னோர் வாக்கைத் தற்காலத்தில் தாங்கி நிற்கும் எந்தச் சட்டகமும், ஓலையாயினும் அச்சாயினும் கணினியாயினும், சிலகாலம் வைத்துக் காத்து, குறைவின்றித் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டது.